கரையின் அடியில் ஈரம்: சிறிய மண் அணையை நாமே பார்வையிடுவது எப்படி, எதுவரை?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கிய நிலத்தோடு 40 வருடப் பழைய மண் அணை ஒன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. கரை சுமார் 6 மீட்டர் உயரம். நிரம்பினால் 5 மீட்டர் ஆழத்துக்கு நிற்கும், ஏறக்குறைய 50,000 கன மீட்டர் தண்ணீர். கரைக்கு அடியில் ஓர் இரும்புக் குழாய் போகிறது. வெளிப்பக்க அடிவாரத்தில் ஓரிடம் கோடையிலும் காய்வதில்லை. கரைமேல் பெரிய மரங்கள் நிற்கின்றன. ஒரு கிலோமீட்டர் கீழே நான்கைந்து வீடுகள். "பொறியாளரைக் கூப்பிடுவதற்கு முன் நானே ஒரு சுற்று பார்த்து, பத்திரமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த ஈரம் இன்றைக்கே ஓட வேண்டிய அவசரமா என்பது ஒன்று. சுற்றிப் பார்த்து "பத்திரம்" என்று முடிவு செய்ய முடியுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கான பதில் சுருக்கமானது: முடியாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த மாதிரிக் கரைகளின் மேல் நடப்பதே என் வேலையாக இருந்தது. கண்ணால் பார்த்து "இது ஆபத்து" என்று பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பத்திரம்" என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. "இன்று, இந்த நீர்மட்டத்தில், கெட்ட அறிகுறி எதுவும் கண்ணில் படவில்லை" என்பதுதான் அதிகபட்சம். இது வார்த்தை விளையாட்டு இல்லை என்பது போகப்போகப் புரியும்.

மண் அணைகள் எப்படி உடைகின்றன என்பதில் பெரிய மர்மம் கிடையாது. உலகம் முழுக்க உடைந்த பெரிய மண் அணைகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிட்டத்தட்டப் பாதி, வெள்ளம் கரை உச்சியைத் தாண்டி வழிந்ததால் உடைந்தவை. கிட்டத்தட்ட மறுபாதி, கரைக்குள்ளோ அடித்தளத்திலோ குழாயின் ஓரமாகவோ தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போனதால் உடைந்தவை. கரை சரிந்து விழுந்ததால் மட்டும் போனவை மிகக் குறைவு. சிறிய அணைகளுக்கு இவ்வளவு ஒழுங்கான பதிவுகள் இல்லை; ஆனால் நான் பார்த்த உடைப்புகளும் இதே இரண்டு வகையில்தான் அடங்கின. ஆகவே உங்கள் கண் முக்கியமாகத் தேட வேண்டியது இரண்டை: தண்ணீர் மேலே வழிய எங்கே வாய்ப்பு, மண் உள்ளே எங்கே போய்க்கொண்டிருக்கிறது.

ஈரத்துக்கு வருவோம். மண் அணை என்றால் கசியும். கசியாத மண் கரை என்று ஒன்று இல்லை. ஐந்து மீட்டர் தண்ணீர் ஒரு பக்கம் நின்றால் அது எப்படியாவது மறுபக்கம் வந்து சேரும். தண்ணீர் தனியாக வருகிறதா, மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில் சும்மா சொதசொதவென்று ஈரம், கோரையும் நாணலும் முளைத்திருக்கின்றன, தண்ணீர் ஓடவில்லை என்றால் பதறத் தேவையில்லை, கவனிக்க வேண்டும். ஓடுகிறது, ஆனால் தெளிவாக, வருடக்கணக்காக ஒரே அளவில் ஓடுகிறது என்றாலும் அப்படியே. தெளிவாகவே இருந்தாலும் நீர்மட்டம் ஏறாமலே கசிவு மட்டும் கூடுகிறது என்றால் அந்த வாரமே பொறியாளர் வர வேண்டும். கலங்கி வருகிறது, அல்லது வெளிவரும் இடத்தில் மணல் கொதிப்பதுபோல் குமிழியிட்டுச் சுற்றிலும் சின்ன எரிமலை வாய்போல மண் குவிகிறது என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே இருக்கிற வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

"கலங்கல்" என்பதைக் கண்ணை மட்டும் நம்பிச் சொல்லாதீர்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் கசிவு நீரைப் பிடித்து, அசையாமல் ஒரு நாள் வைத்து, அடியில் வண்டல் தங்குகிறதா என்று பாருங்கள். பிடிக்கும்போது புட்டியின் வாய் தரை மண்ணைக் கிளறிவிடக் கூடாது. பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். புட்டியில் தேதியும் அன்றைய நீர்மட்டமும் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துப் புட்டிகள் வரிசையாக அலமாரியில் நின்றால், எந்தக் கருவியும் தராத சாட்சி அது. இரும்பு கலந்த ஊற்றுகளில் துருநிறத்தில் வழவழப்பான படிவு சேரும். அது நுண்ணுயிர்களின் வேலை, கரை மண் இல்லை. விரலில் தேய்த்தால் தெரிந்துவிடும், மண் நறநறக்கும்.

அளவுக்கு வாளியும் கடிகாரமும் போதும். கசிவை ஒரு சிறு வாய்க்காலில் திரட்டி, குழாய்த் துண்டு வழியாக விழவிட்டு, பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். அதற்கு மேல் ஓடினால், ஒரு தகட்டில் 90 பாகைக் கோணத்தில் ஆங்கில 'வி' வடிவ வெட்டு வெட்டி வாய்க்காலின் குறுக்கே நிறுத்தலாம். வெட்டின் அடிமுனையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் விநாடிக்கு ஏறக்குறைய 0.8 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடும். அதனால்தான் சின்ன மாற்றமும் இதில் பளிச்சென்று தெரியும். உயரத்தைத் தகட்டின் வாயிலேயே அளக்காதீர்கள். அங்கே நீர் வளைந்து இறங்கும். கொஞ்சம் பின்னால், தண்ணீர் சமமாக நிற்குமிடத்தில் அளவுகோலை நட்டு அளக்க வேண்டும். மழை நாளில் எடுத்த அளவு கசிவைச் சொல்லாது, சரிவில் வழிந்த மழையைத்தான் சொல்லும். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து எடுங்கள்.

நீர்மட்டத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நானே பட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கரையைக் கோடை முடிவில் பார்த்துவிட்டு "வெளிச்சரிவு முழுதும் உலர்ந்திருக்கிறது" என்று எழுதினேன். பொய் இல்லை, உலர்ந்துதான் இருந்தது. நீர்மட்டம் பாதிக்கும் கீழே இருந்ததை நான் குறிக்கவில்லை. மழைக்காலத்தில் நிரம்பியபோது, சரிவின் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு பிடித்த மாதிரி வரிசையாக ஊற்றுகள் கிளம்பின. கரை உடையவில்லை, ஆட்களை இரவில் எழுப்ப வேண்டி வந்தது. என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரி கேட்ட ஒரே கேள்வி, "தண்ணீர் எவ்வளவு இருந்தபோது பார்த்தாய்?" அதிலிருந்து நீர்மட்டம் எழுதாத பார்வைக் குறிப்பை நான் குறிப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. நிரம்பியிருக்கும்போது ஒருமுறை, வற்றியிருக்கும்போது ஒருமுறை பாருங்கள். முதலாவது வெளிப்பக்கத்தின் கதையைச் சொல்லும். இரண்டாவது, எப்போதும் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் உட்சரிவையும் குழாயின் வாயையும் காட்டும்.

உள்ளரிப்பு நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். தண்ணீர் வெளிவரும் முனையில் முதல் மண்துகள் நகர்கிறது. அங்கே சின்னப் பொந்து. பொந்து உண்டானதும் சுற்றியுள்ள நீர் அதை நோக்கித் திரும்புகிறது, வேகம் கூடுகிறது, அடுத்த துகள் நகர்கிறது. இப்படியே பொந்து வெளியிலிருந்து உள்நோக்கி, நீர்த்தேக்கத்தை நோக்கி வளர்கிறது. தேக்கத்தைத் தொட்ட நிமிடத்திலிருந்து அது கசிவு இல்லை, குழாய். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று முதல்முறை நிரம்பிக்கொண்டிருந்தபோதே போனது. அதற்கு இரண்டு நாள் முன்பு அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் தென்பட்டன. அன்று காலை ஏழு மணி சுமாருக்குக் கலங்கிய நீர் தெரிந்தது. துளையை மூட மண் தள்ளப்போன இரண்டு புல்டோசர்களையும் அரிப்பு விழுங்கியது. பகல் 11:57-க்கு உச்சி உடைந்தது. 90 மீட்டருக்கு மேல் உயரமான, பொறியாளர்கள் கட்டிய அணைக்கே ஐந்து மணி நேரம்தான் கிடைத்தது. 11 பேர் இறந்தார்கள்.

ஆகவே கசியும் வாயைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்காதீர்கள். பார்ப்பவர் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், மிகத் தவறானதும் அதுதான். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், நீர் இன்னொரு பலவீனமான இடத்தைத் தேடும். செய்ய வேண்டியது, தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்துவது: வாயின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல். மண் இயக்கவியலுக்கு அடித்தளமிட்ட கார்ல் டெர்சாகி இதற்கு ஒரு விதி தந்தார். சுருக்கிச் சொன்னால், வடிகட்டி மணலில் உள்ள நுண்பகுதியின் அளவு, கரை மண்ணில் உள்ள பருபகுதியின் அளவைப்போல நாலைந்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. கரைக்குப் பக்கத்திலேயே நாலு வண்டிப் பருமணலும் சரளையும் கொட்டி வைத்திருப்பது நல்லது. நடு இரவில் அதைத் தேட முடியாது.

உங்கள் அணையில் எனக்கு ஈரத்தைவிடக் குழாய்தான் உறுத்துகிறது. அலையலையாக நெளிந்த துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் என்றால், மண்ணையும் நீரையும் பொறுத்து அதன் ஆயுள் ஏறக்குறைய 25 முதல் 50 வருடம். உங்களுடையதற்கு 40 ஆகிவிட்டது. குழாயின் வயிற்றுக்கு அடியில் மண்ணை நன்றாகத் திமிசு போட (இடித்து இறுக்க) முடியாது என்பதால், கட்டிய நாளிலிருந்தே அங்கே மண் தளர்வாகத்தான் இருக்கும். தண்ணீர் குழாயின் வெளித்தோலை ஒட்டியபடியே வழி கண்டுபிடிக்கும். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: குழாய்க்குள் அழுத்தம் இருந்தால் நீர் கரைக்குள் பீய்ச்சும், அழுத்தம் இல்லையென்றால் கரை மண் ஓட்டை வழியே குழாய்க்குள் உதிரும். வால்வு தேக்கத்தின் பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் இருந்தால், கரைக்குள் போகிற குழாய் முழுவதும் எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கிறது என்று பொருள். அது மோசமான அமைப்பு.

கொலராடோவில் லான் லேக் அணை என்று ஒன்று, உயரம் 8 மீட்டர் இருக்கும், உங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. 1982 ஜூலை 15 அதிகாலையில் உடைந்து மூன்று பேரைக் கொன்றது. குழாயும் வால்வும் சேரும் இடத்தில் அடைத்திருந்த ஈயம் தேய்ந்து, அங்கிருந்து கசிந்த நீர் கரையை உள்ளிருந்து அரித்திருக்கிறது என்பதே விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். அந்த மூட்டு எந்தப் பார்வையாளர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருந்தது.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவு. வால்வை முழுக்க மூடி, வெளிவாயில் தண்ணீர் இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வால்வு ஒழுகுகிறது அல்லது குழாயில் ஓட்டை. குழாய்க்குள்ளே வருவதையும் குழாயைச் சுற்றி வெளியே வருவதையும் பிரித்துப் பாருங்கள். சுற்றி வருவது கலங்கலாக இருந்தால் முதலில் கீழ்வீடுகளுக்குச் சொல்லுங்கள், உடனே பொறியாளருக்குத் தொலைபேசி. குழாய் போகும் கோட்டுக்கு நேர் மேலே, கரை உச்சியிலும் இரு சரிவுகளிலும், பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளே மண் போனால் மேலே குழி தெரியும். கயிற்றில் கட்டின கேமராவை வெளிவாய் வழியே விடலாம். நீங்கள் மட்டும் உள்ளே நுழையாதீர்கள், தலையை விட்டுக்கூடப் பார்க்காதீர்கள். பழைய குழாய்களில் மூச்சுவிடக் காற்று இருக்காது. வால்வு திறந்திருக்கும்போது உள்வாயின் பக்கம் நீந்தவும் கூடாது, இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வால்வை வருடம் இரண்டு தடவையாவது முழுக்கத் திறந்து மூடுங்கள். பத்து வருடம் தொடாத வால்வை அவசரத்தில் திருப்பினால் தண்டு முறிந்து கையோடு வரும்.

கரை உச்சியில் நடப்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒரு முனையில் குனிந்து, ஒற்றைக் கண்ணால் கரையின் ஓரக் கோட்டைப் பாருங்கள். நேராகப் போக வேண்டிய கோடு எங்காவது தொய்ந்தாலோ வளைந்தாலோ அங்கே ஏதோ நகர்ந்திருக்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூபை வைத்து உச்சியில் மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்துக் குறியுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் வழியப்போவது அங்கேதான். விரிசல்களில், கரைக்குக் குறுக்கே தேக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகிற விரிசல் கொடியது, தண்ணீருக்கு நேர் வழி. நீளவாக்கில் போகிற விரிசல் வில்லாக வளைந்து, ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தால் அது மண்சரிவின் தொடக்கம். அதற்கு நேர்கீழே அடிவாரம் உப்பியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். வெயிலில் வெடித்த களிமண் வலைப்பின்னல் விரிசல்கள் பெரும்பாலும் மேலோடுதான். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சன்னக் கம்பியை விட்டு ஆழம் பாருங்கள், இரண்டு முனையிலும் முளையடித்துத் தேதி எழுதுங்கள். முளையைத் தாண்டி விரிசல் வளர்ந்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உட்சரிவில் அலைக்காகப் பதித்த கல் இறங்கிப் படிபோல அரித்திருந்தால் செப்பனிடலாம், அவசரமில்லை. தேக்கத்து நீரில் சுழல் தெரிந்தால் அது அவசரம்.

மரங்கள் விஷயத்தில் என் துறைக்காரர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. உறுதியானது இது: கரையில் மரம் இருக்கக் கூடாது, முளைக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும், புல்தான் கரைக்கு ஏற்ற உடை. காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போகும், அடர்ந்த புதர் பார்வையை மறைக்கும், வளை தோண்டும் பிராணிகளுக்கு மறைவு தரும். சந்தேகத்துக்கு உரியது, ஏற்கனவே பெரிதாகிவிட்ட மரத்தை என்ன செய்வது என்பது. வெட்டிவிட்டுச் சும்மா விட்டால் வேர் மட்கி, சில வருடத்தில் கரைக்குள் வெற்றுக் குழாய்களாகிவிடும் என்பது ஒரு பக்கம். வேரோடு தோண்டினால் கரையையே குடைய வேண்டும் என்பது மறுபக்கம். வேர் மட்கியதால் மட்டுமே உடைந்தது என்று ஒரு கரையைச் சுட்டிக்காட்டுவதும் கடினம்; உடைந்த பிறகு சாட்சி மிஞ்சாது. நான் பின்பற்றிய வழி: கட்டைவிரல் பருமன் உள்ளவற்றை உடனே வெட்டுவது. அடிமரம் 15 செ.மீ. தாண்டியிருந்தால், நீர்மட்டத்தை இறக்கி, பொறியாளர் மேற்பார்வையில் வேரை எடுத்து, அதே மாதிரி மண்ணை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு நிரப்புவது. அடிவாரத்து ஈரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தை நீங்களாகத் தொடாதீர்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணை 1977 நவம்பர் 6 அதிகாலை, மழைக்குப் பிறகு உடைந்து 39 பேரைக் கொன்றது. உயரம் 12 மீட்டர் அளவு. செங்குத்தான வெளிச்சரிவு, அதில் மரங்கள். விசாரித்தவர்களால் ஒற்றைக் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. உள்ளரிப்போடு சேர்ந்த ஒரு மண்சரிவு என்று வாய்ப்புகளைத்தான் அடுக்கினார்கள். ஆனால் உடைவதற்குச் சில வருடம் முன்பு எடுத்த ஒரு புகைப்படத்தில் வெளிச்சரிவில் ஒரு மண்சரிவு ஏற்கனவே தெரிந்தது. அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. வளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் திவரே அணை உடைந்தபோது நண்டுகள்மேல் பழிபோட்ட அமைச்சர் ஊரெல்லாம் கேலிக்கு ஆளானார். வளைகள் ஆபத்துதான், களிமண் குழம்பு ஊற்றி அடைத்துத் திமிசு போட வேண்டியவைதான். ஆனால் வளை ஒரே நாளில் அணையை உடைக்காது, அதைப் பார்க்காமல் விட்ட வருடங்கள் உடைக்கும்.

இனி, பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்காத கலிங்கு. மிகைநீர் போகிற வழி. கண்ணால் பார்க்கக் கூடியவை: அதில் மரக்கட்டை, முட்செடி, மீன் தப்பாமலிருக்கக் கட்டிய வலை, கூடுதல் தண்ணீருக்காக முந்தைய உரிமையாளர் அடுக்கிய பலகையோ மணல்மூட்டையோ இருக்கிறதா, கலிங்கின் வால்பக்கம் அரித்து, பள்ளம் மேல்நோக்கி ஏறுகிறதா. பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணையை ஒரு மீன்பிடி மன்றம் வாங்கிப் பராமரித்தது. மீன் போகாமல் கலிங்கில் கம்பித் தடுப்பு வைத்தார்கள், வண்டி போக உச்சியைச் சில அடி தாழ்த்தி அகலமாக்கினார்கள், பழைய அடிக்குழாய்களோ அதற்கும் முன்பே பிடுங்கப்பட்டு மறுபடி போடப்படவில்லை. மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தப்பாகத் தோன்றாத காரியங்கள். 1889 மே 31 மழையில் உச்சி வழிந்து உடைந்தது. 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கலிங்கின் அகலம் போதுமா என்பதைக் கண் சொல்லாது, கணக்குத்தான் சொல்லும். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து முழுதும் வழிந்தோடினால் விநாடிக்கு சுமார் 14 கன மீட்டர் வரும். பாதி மண்ணில் இறங்கியது என்று வைத்தாலும் 7. உங்கள் கலிங்கு 5 மீட்டர் அகலம், அதில் அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் போகலாம் என்றால் வெளியேறுவது விநாடிக்கு 3 கன மீட்டர்தான். மீதி தேக்கத்தில் ஏறும், ஏறி உச்சியைத் தாண்டும். தேக்கம் கொஞ்சம் உள்வாங்கும் என்பதால் இது கரடுமுரடான கணக்கு; ஆனால் இந்த அளவு வித்தியாசம் வந்தால் பொறியாளரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். உங்கள் நீர்ப்பிடிப்பின் பரப்பை வரைபடத்தில் அளந்து, இந்த எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

நடந்து பார்த்து அறிய முடியாதவற்றையும் சொல்லியாக வேண்டும். கரைக்குள் நீர்க்கோடு, அதாவது ஊறிய நீரின் மேல்மட்டம், எந்த உயரத்தில் போகிறது. மண் எவ்வளவு இறுகியது. உள்ளே வடிகட்டி மணல் அடுக்கு இருக்கிறதா. அடித்தளத்தில் மணலா பாறை வெடிப்பா. நிலம் அதிர்ந்தால் என்னாகும். இவற்றுக்குத் துளையிட்டு நீர்மட்டக் குழாய்கள் நட வேண்டும், மண்ணைச் சோதிக்க வேண்டும், வெள்ளக் கணக்குப் போட வேண்டும். பழைய சிறு கரைகளில் வடிகட்டி அடுக்கு பெரும்பாலும் இருக்காது. குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் கட்டியிருக்கலாம். கசிவை அது தடுக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். 1980-களுக்குப் பிறகு அதைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி போடும் பழக்கம் வந்தது. எனவே "வளையம் இருக்கிறது, கவலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

"சின்ன அணைதானே" என்பதற்கும் ஒரு கணக்கு. பழைய உடைப்புகளின் அளவுகளிலிருந்து தயாரித்த சூத்திரத்தில் உங்கள் 50,000 கன மீட்டரையும் 5 மீட்டரையும் போட்டால், உடையும்போது உச்ச ஓட்டம் விநாடிக்கு சுமார் 100 கன மீட்டர் என்று வருகிறது. இந்தச் சூத்திரங்கள் இரண்டு மடங்குவரை பிசகும். பாதியாக வைத்தாலும் வீட்டுக்குள் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. விநாடிக்கு 2 மீட்டர் வேகம் என்றால் ஒரு கிலோமீட்டரைக் கடக்க எட்டு நிமிடம். ஆகவே உடைந்த பிறகு அவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை, கலங்கல் தெரிந்ததும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தில் 1963 டிசம்பர் 14 காலை 11:15-க்குக் காவலாளி ஒருவர் குழாயில் வழக்கமில்லாத நீர்ச்சத்தம் கேட்டுச் சொன்னார். பிற்பகல் 3:38-க்கு உடைந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். நெருக்கமான குடியிருப்பின் தலைமேல் இருந்த தேக்கம் அது, காவலாளி சத்தத்தை அலட்சியம் செய்திருந்தால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தண்ணீரை இறக்குவதிலும் நிதானம் வேண்டும். அவசரமில்லாத நேரத்தில் நாளொன்றுக்கு ஓரடிக்கு மேல் இறக்காமலிருப்பது வழக்கம். வேகமாக இறக்கினால் நனைந்த உட்சரிவு, தாங்கிப் பிடித்த நீர் போனதும் சரிந்து விழும். கலங்கல் நீர் வரும்போது இந்த விதி பின்னுக்குப் போகும், முடிந்த வேகத்தில் இறக்க வேண்டும். குழாயைத் திறக்கலாமா என்பது குழாயே சந்தேகத்தில் இருக்கும்போது சிக்கலான கேள்வி. அப்போது பம்பும் கரைமேல் போடும் சைஃபன் குழாயும்தான் துணை. ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள்: விநாடிக்கு 40 லிட்டர் இழுக்கும் சைஃபன், முழுத் தேக்கத்தை வடிக்க இரண்டு வாரம் எடுக்கும். அவசரத்தில் கரையை வெட்டிவிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்பாதீர்கள். வெட்டிய வாய் நீங்கள் சொன்ன அளவில் நிற்காது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வாரம் செய்வது: தேக்கத்தில் அளவுக்கம்பு ஒன்று நடுவேன். ஈரத்தின் எல்லையைச் சுற்றி முளைகள் அடிப்பேன். முதல் புட்டியைப் பிடிப்பேன். வால்வை மெதுவாக அசைத்துப் பார்ப்பேன். கரையில் இரண்டு மூன்று இடங்களில் நின்று படம் எடுத்து, நின்ற இடத்தில் கல் நட்டு வைப்பேன், அடுத்த மாதம் அங்கேயே நின்று எடுக்க. கீழ்வீட்டுக்காரர்களின் தொலைபேசி எண்களை வாங்கி, இரவில் எந்த எண்ணில் எழுந்திருப்பார்கள் என்று கேட்டு வைப்பேன். பொறியாளரையும் இப்போதே கூப்பிடுவேன். ஈரத்துக்காக அவ்வளவு இல்லை, 40 வருடக் குழாய்க்காகவும் கீழே வீடுகள் இருப்பதற்காகவும். கூப்பிடுபவர் மண் அணைகளில் வேலை செய்தவர்தானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நன்றாக வீடு கட்டுகிறவரெல்லாம் இதைப் பார்க்கப் பழகியவர் இல்லை. அவர் வரும்வரை வாரம் ஒருமுறை நடந்து பாருங்கள். கனமழை பெய்தால் மழை விட்டதுமே ஒருமுறை. புட்டியின் அடியில் என்ன தங்கியது என்று இங்கேயே எழுதினால், அடுத்ததைப் பார்க்கலாம்.